ஒடியல் கூழில் எத்தனை கண்டங்கள்? கொலம்பியப் பரிமாற்றம் பற்றி ஓர் எளிய விளக்கம்

“மிளகாயைப் போர்த்துக்கேயர்தான் கொண்டுவந்தவை.” யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவதால் பல குழப்பங்கள் வளர்ந்துவிட்டன. மிளகாயின் சொந்த ஊர் போர்த்துக்கல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வெளியிலிருந்து வந்த பயிர் என்றாலே, அது பழப்புளியாக இருந்தாலும் குரக்கனாக இருந்தாலும், போர்த்துக்கேயர் கணக்கில் எழுதிவிடுபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு பக்கம், செத்தல் மிளகாயும் மரவள்ளிக் கிழங்கும் போட்ட சாப்பாட்டை ‘இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரிய உணவு’ என்று கைபேசியில் பகிர்கிறார்கள்.

இதையெல்லாம் ஒருமுறை ஒழுங்காகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. எது எந்தக் கண்டத்தில் பிறந்தது, எந்த வழியாக வந்தது என்பது ஒரு பகுதி. வந்த பயிர் ஏன் இங்கே தங்கியது என்பது அதைவிடப் பெரிய பகுதி. ‘யார் கொண்டுவந்தார்கள்’ என்ற கேள்வியில் நாம் அதிக நேரம் செலவிடுகிறோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கப்பலில் வந்திறங்கிய எத்தனையோ விதைகள் முளைக்காமலே போயின. தங்கியவற்றின் கதைதான் நம்முடைய கதை.

## ஒரு குடும்பம் காணி மாறும்போது

கடந்த நூற்றாண்டில் குடாநாட்டிலிருந்து பல குடும்பங்கள் கிளிநொச்சிப் பக்கம் காணி எடுத்துக் குடியேறின. அப்படிப் போகிற ஒரு குடும்பம் எதைக் கொண்டுபோகும் என்று யோசியுங்கள். விதைநெல், முருங்கைத் தடி, வாழைக்குட்டி, மிளகாய் விதை, நாலு கோழி, ஆடு, பசு. புது இடத்தில் பழைய வீட்டுச் சாப்பாடு வேண்டும் அல்லவா?

அவர்கள் எடுத்துவைக்காத சாமானும் கூடவே போகும். சாக்கில் ஒட்டிய புல் விதை, ஆட்டில் உண்ணி, வாழைக் கிழங்கில் புழு, வண்டிக்குள் எலி. போய் நட்டவற்றில் சில புது மண் பிடிக்காமல் செத்துப்போகும். சில பழைய இடத்தைவிடச் செழிக்கும். பிறகு வன்னியில் கண்ட ஒரு புது விதை, ஊருக்கு வரும் உறவினர் கையில் குடாநாட்டுக்குத் திரும்பி வரும்.

இதையே ஒரு சமுத்திரத்தின் அளவுக்கு விரித்தால் கிடைப்பதுதான் கொலம்பியப் பரிமாற்றம். 1492இல் கொலம்பஸ் அத்திலாந்திக்கைக் கடந்த பிறகு, ஒரு பக்கம் அமெரிக்கக் கண்டங்கள், மறு பக்கம் ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா என்று பிரிந்து கிடந்த இரண்டு உலகங்களுக்கும் இடையில் பயிர்களும் விலங்குகளும் களைகளும் நோய்களும் மனிதர்களும் பெயர்ந்ததற்கு வைத்த பெயர் அது. பெயரை வைத்தவர் அல்பிரட் குரொஸ்பி என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர், 1972இல்.

ஓரிடத்தில் மட்டும் என் ஒப்புமை பொருந்தாது. அத்திலாந்திக்கைக் கடந்தவர்கள் குடியேறிய காணி ஏற்கெனவே வேறு மக்களுடையது. அதைப் பிறகு பார்ப்போம்.

## இரண்டு பக்கமும் ஏன் வேறு வேறாக இருந்தன?

ஒரு காலத்தில் பூமியின் நிலமெல்லாம் ஒரே பெருங்கண்டமாக இருந்தது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அது உடையத் தொடங்கியது. நடுவில் கடல் புகுந்ததும், இரு பக்கத்துச் செடிகளும் விலங்குகளும் தனித்தனியே மாறி வளர்ந்தன. மிக நீண்ட காலத்துக்குப் பிறகு, பனியுகத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்த சமயம், மனிதர்கள் ஆசியாவின் வடகிழக்கு முனையிலிருந்து அமெரிக்காவுக்குள் போனார்கள். பனி உருகிக் கடல் ஏறியதும் அந்தத் தரைவழி மூடிக்கொண்டது.

அதன் பிறகுதான் இரு பக்கத்திலும் விவசாயம் தொடங்கியது. காட்டுச் செடியையும் காட்டு விலங்கையும் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்து, மனிதருக்கு ஏற்றதாக மாற்றுவதற்குப் பழக்கப்படுத்தல் என்று பெயர். இரு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் அறியாமல், கையில் கிடைத்ததைப் பழக்கப்படுத்தினார்கள்.

அமெரிக்கப் பக்கத்தில் அப்படி உருவானவற்றைத் திருநெல்வேலிச் சந்தையிலோ மருதனார்மடம் சந்தையிலோ சுற்றிவந்தால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்கலாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, மரவள்ளி, வத்தாளங்கிழங்கு, கச்சான், போஞ்சி, பூசணி, பப்பாசி, கொய்யா, அன்னாசி, அன்னமுன்னா, மரமுந்திரிகை, பொத்தி பொத்தியாக வரும் சோளம். உணவல்லாத புகையிலையும் அந்தப் பக்கத்ததுதான். 1492க்கு முன் இவற்றில் ஒன்றைக்கூட யாழ்ப்பாணத்தில் யாரும் கண்டிருக்க வாய்ப்பில்லை. (வத்தாளங்கிழங்கு மட்டும் கொலம்பசுக்கு முன்பே பசிபிக் தீவுகள் சிலவற்றுக்குப் போயிருந்தது. ஆனால் அங்கிருந்து நம் பக்கம் வரவில்லை.)

நெல், கோதுமை, வெங்காயம், கரும்பு, வாழை, மா, கோப்பி, எலுமிச்சை எல்லாம் இந்தப் பக்கத்துச் சொத்து. கத்தரிக்காயைப் பார்த்துப் பலர் குழம்புவதுண்டு. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய், புகையிலை எல்லாம் எந்தத் தாவரக் குடும்பமோ அதே குடும்பம்தான் கத்தரியும். ஆனாலும் அது தெற்காசியாவில் பழக்கப்பட்டது, நம் பக்கத்துப் பழைய ஆள். கரட், பீற்றூட், கோவா போன்றவை இன்னொரு வகை. ஐரோப்பியரோடு வந்தாலும் அவை அமெரிக்கப் பயிர்கள் அல்ல.

விலங்குகளில் வித்தியாசம் இன்னும் பெரிது. இந்தப் பக்கம் மாடு, ஆடு, செம்மறி, பன்றி, குதிரை, ஒட்டகம், கோழி என்று பெரிய பட்டியல் இருந்தது. அமெரிக்காவில் நாய், லாமா, அல்பக்கா, கினிப் பன்றி, வான்கோழி, ஒரு வாத்து இனம் என்று சில மட்டும். ஏர் இழுக்கவோ ஆளைச் சுமந்து ஓடவோ கூடிய விலங்கு ஒன்றும் இல்லை.

சுருக்கமாகச் சொன்னால், நிலம் பிரிந்ததால் உயிரினங்கள் பிரிந்தன. விவசாயம் இரு இடத்திலும் தனித்தனியே பிறந்ததால் உணவுகளும் பிரிந்தன.

## கூழ்ப் பானையைப் பிரித்துப் பார்ப்போம்

ஒடியல் கூழைவிட யாழ்ப்பாணத்துக்கு உரிய உணவு இல்லை என்போம். பானைக்குள் என்ன இருக்கிறது? ஒடியல் மா நம் பனையிலிருந்து. மீன், நண்டு, இறால், கணவாய் நம் கடலிலிருந்து. பலாக்கொட்டை மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்து மரத்தினுடையது. முருங்கையிலை இந்தியத் துணைக்கண்டத்தது. இதுவரை எல்லாம் பக்கத்து வீடுகள்.

பயிற்றங்காய் வரும்போது கணக்கு மாறுகிறது. அதன் மூதாதை ஆபிரிக்காவில் பழக்கப்பட்டது. பழப்புளி மரமும் ஆபிரிக்காவினது. இரண்டும் கொலம்பசுக்குச் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியப் பக்கம் வந்துவிட்டன. குரக்கனும் அப்படித்தான். கடைசியில் மரவள்ளியும் செத்தல் மிளகாயும். அவை இரண்டும் அமெரிக்கா.

ஆகவே ஒரே பானைக்குள் இரண்டு வேறு காலங்கள் இருக்கின்றன. பழையது இந்து சமுத்திரத்தின் காலம். சோளகக் காற்றிலும் வாடைக் காற்றிலும் பாய்விரித்து, ஆபிரிக்கா, அரபுக் கரை, இந்தியா, தென்கிழக்காசியா என்று மரக்கலங்கள் ஓடிக்கொண்டிருந்த நீண்ட காலம். நெடுந்தீவிலும் மன்னாரிலும் நிற்கும் பெருக்கு மரம் ஆபிரிக்காவுக்குரியது. அரபு வணிகர் கொண்டுவந்தார்கள் என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது. நயினாதீவில் உள்ள பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஊர்காவற்றுறைப் பக்கம் யானை, குதிரை ஏற்றிவரும் கலங்கள் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு என்று அது விதிக்கிறது. கப்பலில் குதிரை வந்திறங்கும் துறைமுகம் நமக்கு அப்போதே இருந்தது. போர்த்துக்கேயர் வந்துதான் நமக்குக் கடலைக் காட்டினார்கள் என்பது போலப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

புதிய காலம் 1492க்குப் பிறகு வருவது. அதில்தான் அமெரிக்கப் பயிர்கள் வருகின்றன. ஒரு பயிரைப் பற்றிப் பேச்சு வந்தால், அதன் தாய்நாடு அமெரிக்காவா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் கொலம்பசுக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பு இராது.

## கப்பல் வந்த வழி

அமெரிக்கப் பயிர் யாழ்ப்பாணம் வர, போர்த்துக்கல் துறைமுகத்தில் இறங்கி அங்கே தோட்டம் போட்டு, அப்புறம் இங்கே வந்திருக்கத் தேவையில்லை. காற்றைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

பாய்க்கப்பல் நேர்கோட்டில் போகாது, காற்று தள்ளும் வழியில்தான் போகும். லிஸ்பனிலிருந்து ஆபிரிக்காவின் தென்முனையைச் சுற்ற விரும்பும் கப்பல், ஆபிரிக்கக் கரையை ஒட்டிப் போனால் காற்றில்லாமலும் எதிர்க்காற்றிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் மேற்கே அகலமாக வளைந்து, தென் அமெரிக்காவுக்குக் கிட்டப் போய், அங்கிருந்து வீசும் காற்றைப் பிடித்துக் கிழக்கே திரும்புவார்கள். வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து சேர்ந்தார். அடுத்த பெரிய பயணத்தை நடத்திய கப்ரால், இந்தியாவுக்குப் போகும் வழியில் 1500இல் பிரேசில் கரையைத் தொட்டார். பிரேசில், மேற்கு ஆபிரிக்கத் தீவுகள், மொசாம்பிக், கோவா என்று ஒரே அரசின் துறைகள் ஒரே வழியில் அமைந்தன. மரமுந்திரிகை பிரேசிலின் வடகிழக்கிலிருந்து கோவாவுக்கு வந்தது இந்தத் தொடர்பால்தான்.

இரண்டாவது வழி பசிபிக். 1565இலிருந்து ஸ்பானியரின் கப்பல்கள் மெக்சிக்கோவின் அகபுல்கோவுக்கும் பிலிப்பைன்சின் மணிலாவுக்கும் இடையில் போய்வந்தன. 1815 வரை, இரண்டரை நூற்றாண்டு. மெக்சிக்கோவின் வெள்ளி ஆசியாவுக்கு வந்த வழியும் இதுதான். மணிலாவில் இறங்கிய செடிகளை ஆசிய வணிகர் மற்றத் துறைகளுக்குப் பரப்பினார்கள்.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505. யாழ்ப்பாண இராச்சியத்தை முழுதாகப் பிடித்தது 1619. 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளேயே இந்தியாவின் மேற்குக் கரையில் மிளகாய் பயிராகிவிட்டது. மலையாளக் கரையோடும் நாகப்பட்டினத்தோடும் யாழ்ப்பாணத்துக்கு இடைவிடாத போக்குவரத்து இருந்தது. ஒரு விதை பறங்கியர் கப்பலில் கோவா வரலாம், அங்கிருந்து மிச்சத் தூரத்தைத் தமிழ், முஸ்லிம் வணிகர்களின் வத்தைகளில் கடந்திருக்கலாம். மாலுமியின் பொட்டணியில், அடிமையாக வந்த ஒருவரின் மடியில், சமையற்காரர் உலர்த்தி வைத்த காயில் போன விதைகளுக்கு யாரும் கணக்கு எழுதவில்லை. ஆளுநர்களின் பெயர்தான் ஏட்டில் நிற்கிறது.

## மிளகாய் ஏன் தங்கியது?

இந்தக் கேள்வியில் கொஞ்சம் ஆற அமர இருப்போம். பயிர் பெயர்ச்சியின் பொறிமுறை முழுவதும் இந்த ஒரு காய்க்குள் இருக்கிறது.

முதலாவது, பயணத்தைத் தாங்க வேண்டும். மாதக்கணக்கில் உப்புக்காற்றில் கிடந்தால் கிழங்கு அழுகும், நாற்று கருகும். மிளகாயோ காய்ந்தபின் தன் விதைகளைத் தானே பொதிந்து வைத்திருக்கும். சமையலுக்கென்று எடுத்துவந்த செத்தலே விதைப்பொதி. ஒரு காயில் பல பத்து விதைகள். பூவும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். ஆகவே ஒரு செடி பிழைத்தாலும் ஒரு தோட்டம் உண்டாகும்.

இரண்டாவது, வந்த இடம் பிறந்த இடத்தைப் போல இருக்க வேண்டும். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9.7 பாகையில் இருக்கிறது. மெக்சிக்கோவின் தெற்கும் மத்திய அமெரிக்காவும் கரிபியன் தீவுகளும் இதே வெப்ப வலயத்துக்குள்தான். பகல் நீளம், வெயில், மழை ஒரு பருவத்தில் கொட்டிவிட்டு மற்றப் பருவத்தில் இல்லாமல் போவது, எல்லாம் மிளகாய்க்குப் பழக்கமானவை. உருளைக்கிழங்கு அப்படியல்ல. அந்தீஸ் மலைக் குளிரில் பிறந்த அது நுவரெலியாவில் இயல்பாக வளரும். இங்கே மாரிக்குப் பிந்திய குளிர் மாதங்களை நம்பித்தான் அதை நடுகிறோம்.

மூன்றாவது, அதற்கு ஒரு வேலை காத்திருக்க வேண்டும். நம் சமையலில் உறைப்பு ஏற்கெனவே இருந்தது. மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு எல்லாம் அந்த வேலையைச் செய்தன. ஆனால் மிளகுக்கொடிக்கு நல்ல மழையும் நிழலும் வேண்டும். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் நம் வறண்ட செம்மண்ணில் அதை விளைவிப்பது சிரமம், காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். அந்த இடத்தில், கிணற்றடியில் நாலு செடி வைத்தால் மூன்று மாதத்தில் காய்க்கிற, பாயில் பரப்பி வெயிலில் காயவைத்தால் வருடம் முழுக்கக் கிடக்கிற ஒரு உறைப்பு வந்து சேர்ந்தது. பணக்கார வீட்டுக்கு மட்டும் தாராளமாக இருந்த காரம் எல்லாச் சட்டிக்கும் வந்தது. கோயில் கட்டியவன், கோட்டை கட்டியவன் யாரும் இதைச் செய்யவில்லை. கறி காய்ச்சிய பெண்களும் தோட்டக்காரரும் செய்தார்கள்.

நான்காவது, செடிக்கு உள்ளூர்த் துணை கிடைக்க வேண்டும். மிளகாயில் உறைப்பைத் தருவது காப்சேசின் என்ற பொருள். அது பாலூட்டிகளின் வாயை எரிக்கும், பறவைகளுக்கு உறைக்காது. விதையை மென்று நொறுக்கும் விலங்கு விலகிப்போக, விதையை முழுதாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவை மட்டும் வரும். அமெரிக்கக் காட்டுப் பறவைகளுக்கென்று அமைந்த இந்த ஏற்பாடு நம் மைனாவுக்கும் கொண்டைக்குருவிக்கும் அப்படியே பொருந்திவிட்டது. நடாத இடத்தில் ஊசி மிளகாய்ச் செடி முளைத்து நிற்பது அதனால்தான்.

மிளகாய் வந்தபின்னும் பழைய சமையல் முழுதாகப் போய்விடவில்லை. பிள்ளை பெற்ற தாய்க்குக் கொடுக்கும் பத்தியக் கறியில் இன்றும் மிளகும் மல்லியும் சீரகமும் உள்ளியும்தான், மிளகாய் இல்லை. தமிழ்நாட்டில் அந்தணர் வீடுகளில் திவசச் சமையலுக்கு மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு சேர்ப்பதில்லை. மிளகாய்க்கு முந்திய சமையலின் மிச்சம் இவற்றில் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். மங்கலத்திலும் துக்கத்திலும்தான் மனிதர் பழையதை இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

ஆக, பயணம் தாங்குதல், ஒத்த காலநிலை, காத்திருக்கும் தேவை, உள்ளூர்த் துணை. நாலும் சேர்ந்தால் பயிர் தங்கும்.

## புகையிலை

மிளகாய் வீட்டுக்குள் வந்தது. புகையிலை சந்தைக்கு வந்தது. 1492இலேயே கொலம்பசின் ஆட்கள் கியூபாவில் மக்கள் சுருட்டிப் புகைப்பதைக் கண்டார்கள். ஒல்லாந்தர் காலத்துக்குள் அந்த இலை யாழ்ப்பாணத்தின் பெரிய ஏற்றுமதிப் பயிராகிவிட்டது. திருவிதாங்கூருக்குப் போன யாழ்ப்பாணப் புகையிலையை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்ந்தன. துலா மிதித்து இறைத்த தண்ணீரும், தோட்டத்தில் ஆடு மாட்டைப் பட்டி அடைத்துச் சேர்த்த எருவும், புகைபோட்டுப் பதப்படுத்தும் கைப்பழக்கமும் சேர்ந்து உண்டான தொழில் அது. பல தோட்டங்களும் கல்வீடுகளும் அதில் எழுந்தன, பல நோய்களும் அதில் வந்தன. இரண்டையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

பிறகு 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாண விவசாயிக்கு நல்ல விலையைக் கொடுத்தன. 1977க்குப் பின் இறக்குமதி திறந்ததும் அந்த விலை விழுந்தது. அமெரிக்காவில் பிறந்த ஒரு காய் நம் ஊரின் பொருளாதாரத்தை ஏற்றியும் இறக்கியும் வைத்ததை நேரில் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

## எதிரியை விட்டுவிட்டு வந்த பயிர்

சில பயிர்கள் சொந்த மண்ணைவிடப் பிறர் மண்ணில் செழிப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. எந்தச் செடிக்கும் பிறந்த இடத்தில் அதையே தின்று பழகிய பூச்சியும் பூஞ்சணமும் இருக்கும். விதை மட்டும் கப்பலேறினால் எதிரிகள் பின்னால் நின்றுவிடும். இதை எதிரி விடுபடல் என்று சொல்லலாம்.

இறப்பரைப் பாருங்கள். அது அமேசன் காட்டு மரம். ஆனால் தென் அமெரிக்காவில் வரிசையாக நட்டுத் தோட்டமாக்கினால் இலைக்கருகல் நோய் பரவி அழித்துவிடும். 1876இல் பிரேசிலிலிருந்து விதைகள் லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய், நாற்றுகள் கம்பஹாவுக்குக் கிட்ட உள்ள ஹெனரத்கொடைக்கு வந்தன. அந்த நோய் கூட வரவில்லை. ஆசியாவின் இறப்பர்த் தோட்டங்கள் அந்த ஒரு விடுதலையில்தான் நிற்கின்றன.

எதிரி பிறகு வந்து சேர்ந்தால்? அதற்கும் இலங்கையே சாட்சி. கோப்பி ஆபிரிக்காவின் எத்தியோப்பியப் பக்கத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டில் மலையகம் முழுதும் கோப்பித் தோட்டமாக இருந்தது. அதில் உழைக்கத்தான் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் முதலில் கொண்டுவரப்பட்டார்கள். 1869இல் இலையில் செம்மஞ்சள் பொட்டுகளாக ஒரு துரு நோய் தென்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது, அந்த இடத்தில் தேயிலை ஏறியது. அயர்லாந்தில் உருளைக்கிழங்குக்கு நடந்ததும் இதுதான். அமெரிக்காவில் இருந்த கருகல் நோய் 1845இல் அங்கே வந்துசேர, உருளைக்கிழங்கையே நம்பியிருந்த ஏழைகளில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் இறந்தார்கள். அந்த நேரத்திலும் அயர்லாந்திலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. பட்டினிக்கு நோயை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

## செடி வந்தது, செய்முறை வரவில்லை

மெக்சிக்கோ மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்து, ஊறவைத்து, கழுவி அரைப்பார்கள். அப்படிச் செய்தால்தான் சோளத்துக்குள் பூட்டிக்கிடக்கும் நயசின் என்ற விற்றமின் உடலுக்குச் சேரும். சோளத்தைக் கொண்டுபோன ஐரோப்பியர் இந்த வேலையை வீண் வேலையாக விட்டுவிட்டார்கள். வட இத்தாலி, ஸ்பெயின், பிறகு ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்கள் என்று சோளமே முழுச் சாப்பாடான ஏழைகளிடையே பெலக்ரா என்ற நோய் பரவியது. தோல் கறுத்து வெடிக்கும், வயிற்றோட்டம் வரும், புத்தி தடுமாறும், கடைசியில் சாவு. 1735இல் ஸ்பெயினில் ஒரு வைத்தியர் அதை விவரித்தார். நயசின் குறைவுதான் காரணம் என்று உறுதியாக 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெக்சிக்கோப் பெண்களின் அடுப்படியில் விடை இரண்டு நூற்றாண்டும் இருந்தது. அதைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் மனதை உறுத்தும் விஷயம்.

மரவள்ளிக்குள் சயனைட்டை வெளிவிடும் பொருள் உண்டு. தென் அமெரிக்கர் கசப்பு மரவள்ளியைத் துருவி, பிழிந்து, வறுத்து நஞ்சை நீக்கினார்கள். நம் பக்கம் ஒல்லாந்தர் காலத்தின் இறுதியில் மொரிசியசிலிருந்து வந்த மரவள்ளியை நாம் தோல் உரித்து, துண்டாக்கி, மூடாமல் அவிக்கப் பழகிக்கொண்டோம். “சட்டியை மூடாதே பிள்ளை” என்று அம்மாமார் சொல்வதற்குப் பின்னால் சரியான இரசாயனம் இருக்கிறது.

## விலங்குகள் போன பக்கம்

1493இல் கொலம்பஸ் இரண்டாம் முறை போனபோது 17 கப்பல்கள், சுமார் 1,200 பேர். குதிரை, மாடு, பன்றி, செம்மறி, கோழி, கரும்புத் தடி, கோதுமை விதை எல்லாம் ஏற்றியிருந்தார்கள். இறங்கிய பன்றிகளும் மாடுகளும் தீவுகளில் கட்டுக்கடங்காமல் பெருகின. வேலியில்லாத பழங்குடித் தோட்டங்களை மேய்ந்து அழித்தன.

குதிரையின் கதை வேறு. குதிரைக் குடும்பம் தோன்றியதே வட அமெரிக்காவில்தான். அங்கிருந்து ஆசியாவுக்குள் பரவியது. பிறகு ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் முற்றாக அழிந்துபோனது. ஸ்பானியர் கொண்டுபோனது, பிறந்த கண்டத்துக்குத் திரும்பிய குதிரையை. அதே காலப்போக்கில் நம் நெடுந்தீவிலும் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் குதிரை வளர்த்தார்கள். குதிரை லாயத்தின் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கைவிடப்பட்டவற்றின் வழிவந்தவை தீவின் வெளியில் திரிகின்றன, கோடையில் தண்ணீரில்லாமல் சாகின்றன. அவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் படம் எடுப்பதோடு அந்தத் தண்ணீர்ப் பிரச்சினையைப் பற்றியும் பேசினால் நல்லது.

## கண்ணுக்குத் தெரியாத பயணிகள்

மாடு, பன்றி, கோழியோடு நெருங்கி வாழ்ந்த இந்தப் பக்கத்தாரிடம், நெரிசலான நகரங்களில் சுற்றிச்சுற்றி வந்த தொற்றுநோய்கள் பல இருந்தன. பெரியம்மை, சின்னமுத்து போன்றவற்றில் பிழைத்த உடலுக்கு அந்த நோயை மீண்டும் தடுக்கும் வலு உண்டாகும். அதுதான் நோயெதிர்ப்புச் சக்தி. அமெரிக்க மக்களின் உடல்கள் இந்த நோய்களைச் சந்தித்ததே இல்லை. 1520இல், மெக்சிக்கோவில் ஆட்சி நடத்திய அஸ்தேக்கர் என்ற மக்களின் தலைநகரில் பெரியம்மை புகுந்தது. அரசர் குயித்லாவக் ஆட்சிக்கு வந்து மூன்று மாதம் ஆகுமுன் அதற்குப் பலியானார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அலை அலையாக வந்த நோய்களும், கூடவே போரும் கட்டாய வேலையும் சேர்ந்து அந்தக் கண்டங்களின் மக்களில் பெரும்பகுதியை இல்லாமல் செய்தன.

வேலைக்கு ஆள் இல்லாமல் போன அந்த நிலத்தில்தான் கரும்பு நட்டார்கள். நியூகினியில் பழக்கப்பட்டு, இந்தியாவில் சர்க்கரையாகக் காய்ச்சப் பழகி, அரபியர் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போன பயிர் அது. வெட்டவும் ஆட்டவும் காய்ச்சவும் கணக்கில்லாத கைகள் வேண்டும். அதற்காகவும் பிறகு புகையிலைக்கும் பருத்திக்குமாகவும் ஆபிரிக்காவிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம் பேர். கரை சேர்ந்தவர்கள் 1 கோடி 7 இலட்சம் அளவில். மிச்சப் பேர் கடலில். ‘பரிமாற்றம்’ என்று படிக்கும்போது இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

## இன்னும் நடந்துகொண்டிருக்கிறது

பழைய எதிரிகள் இப்போது விமானத்திலும் கொள்கலனிலும் காற்றிலும் வருகின்றன. சோளத்தைத் தின்னும் படைப்புழு அமெரிக்காவினது. 2016இல் ஆபிரிக்காவில் கண்டார்கள், 2018இல் இந்தியாவில், அந்த ஆண்டின் முடிவுக்குள் இலங்கைச் சோளச் செய்கையில். அதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நெடுந்தூரம் பறக்கக்கூடியது. சோளம் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் விட்டுவிட்டு வந்த எதிரி, இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

பப்பாசிக்கும் அதுவே நேர்ந்தது. மெக்சிக்கோப் பக்கத்து மாவுப்பூச்சி ஒன்று 2008 அளவில் இலங்கைக்குள் புகுந்து, மரங்களை வெள்ளையாக மூடிக் காயைக் கருக வைத்தது. மெழுகு போன்ற அதன் மேற்பூச்சால் மருந்தடித்தும் பெரிய பலனில்லை. கடைசியில் விவசாய விஞ்ஞானிகள் அந்தப் பூச்சியின் சொந்தப் பிரதேசத்தில் அதை அடக்கி வைத்திருந்த மிகச் சிறிய குளவி இனத்தை வரவழைத்து, வளர்த்து, தோட்டங்களில் விட்டார்கள். குளவி பூச்சிக்குள் முட்டையிடும், குஞ்சு உள்ளிருந்தே அதைத் தின்றுவிடும். மருந்து அடங்காத இடத்தில் குளவி அடக்கியது.